உன் லாகினைப் பூட்டியவள் எழுதுகிறேன்

யமுனா,

இந்தக் கடிதத்தை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் உறையில் போட்டு ஒட்டி வைக்கப் போவதில்லை. ஒரு பிரதி நீ வேலைக்காகத் தங்கியிருக்கிற ஹாஸ்டலுக்கு வரும். இன்னொன்றை நம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப் போகிறேன். உன் பெரியப்பா ஜில்லென்று தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் படிக்கட்டும். கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொன்னால் நானே உரக்கப் படித்துக் காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிற குன்றத்தூர் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் அந்த ஃபிரிட்ஜைத் தாண்டித்தான் கூடத்துக்குள் வர வேண்டும். இதையெல்லாம் எழுத வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார் உன் அப்பா. பேச வேண்டிய இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு காபி ஆற்றிக்கொண்டிருந்ததை நீயும் பார்த்தாய், அவரும் பார்த்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மாப்பிள்ளைப் பையன் நல்ல உயரம், நல்ல வேலை, ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் இன்ஜினியர். மிக்சரைக் கொறித்துக்கொண்டே, சிரித்த முகமாகத்தான் கேட்டான். "எங்க வூட்ல ஒளிவு மறைவே கிடையாதுங்க. யமுனா போன் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு ரெண்டையும் இப்பவே குடுத்துட்டா நல்லாருக்கும்." நீ பட்டென்று, "உங்களுது?" என்றாய். "என்னுது ஆபீஸ் போனு. வெளிய சொல்லக் கூடாது" என்றான். நீ என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் பெரியப்பா முந்திக்கொண்டார். "குடுத்தா இன்னா கொறஞ்சிடப் போவுது? இவ அம்மா இவளைப் பூட்டி வெச்சே வளத்தவ. வூட்டு கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனைத் தட்டணும்னாகூட அம்மாவைக் கேட்டுக்கினுதான் தட்டும் இந்தப் புள்ள. அப்பிடி வளந்த பொண்ணுங்க." பையனின் அம்மா என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். அவளைப் பொறுத்தவரை அது எனக்குக் கிடைத்த பாராட்டு. எனக்கோ எல்லோர் எதிரிலும் கன்னத்தில் அறை வாங்கியதுபோல இருந்தது. மறுநாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ கேட்டாய்: "நீ இன்னாம்மா சொல்ற?" நான் "யோசிக்கலாம்" என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய்.

யோசித்துவிட்டேன். அந்தப் பூட்டு என்னுடையது. அதைக் காட்டி என் மகளுக்கு நற்சான்றிதழ் கொடுக்க நான் யாருக்கும் உரிமை தரவில்லை. அது எங்கிருந்து வந்தது, எதைக் கெடுத்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதிப் பாதியை நான்கு வருஷமாக நான் விழுங்கி வைத்திருக்கிறேன்.

நீ பத்தாவது முடித்த லீவில் கம்ப்யூட்டர் வாங்கினோம். அதற்கு முன்னால் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி பிரவுசிங் சென்டருக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். திடீரென்று ஒருநாள் தனக்குப் பிடித்தவனோடு மணிமங்கலம் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டாள். எல்லாம் கம்ப்யூட்டர் செய்த வேலை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அந்தப் பையன் தினமும் அவளோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்தவன். பஸ்ஸை மட்டும் யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உன் பெரியப்பா நம் வீட்டு வாசலில் நின்று, "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குக் கம்ப்யூட்டரு? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா நம்ம குடும்பம் தலை நிமிர முடியுமா?" என்று சத்தம் போட்டார். "உள்ள பூட்டு போட்டுத்தான் தருவேன் மாமா. என்னைக் கேக்காம ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லித்தான் அவர் வாயை அடைத்தேன். வாங்கியதற்கு இன்றும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். தாம்பரத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தவள் நான். ஆனால் அன்றைக்கு வாசலில் கொடுத்த அந்த வாக்கு தவறு. மகளுக்குச் செய்கிற ஒன்றுக்கு மச்சாண்டாரிடம் எதற்கு உறுதிமொழி கொடுத்தேன்?

பூட்டுப் போடுகிற வித்தையை எங்கே கற்றேன் என்று நீ ஒருமுறை கேட்டாய். என் கம்பெனியில் போன்கள் வரிசையாக வருகிற லைனில்தான். இரண்டாயிரத்து ஏழில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கிற கம்பெனியில் சேர்ந்தேன். டெஸ்டிங் செக்‌ஷன். முழுசாகி வருகிற போனைச் சொருகி, உள்ளே சாப்ட்வேர் ஏற்றி, பச்சை விளக்கு வந்தால் அனுப்ப வேண்டும், சிவப்பு வந்தால் ஒதுக்க வேண்டும். டேபிளுக்கு ஒரு கம்ப்யூட்டர். ஆபரேட்டர் லாகினில் தொடங்கலாம், நிறுத்தலாம், அவ்வளவுதான். எதை ஏற்றுவது, எதை மாற்றுவது என்பதெல்லாம் லைனைப் பார்த்துக்கொள்கிற லீடரின் லாகினில் மட்டும். நான் லீடரான புதிதில் ஒருநாள் என் லாகினைத் திறந்தபடியே விட்டுவிட்டு பாத்ரூம் போனேன். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த ஒரு பெண், வேலைக்குப் புதுசு, எனக்கு உதவுகிறேன் என்று எதையோ தட்டிவிட்டாள். நான் கவனித்து நிறுத்துவதற்குள் தட்டு தட்டாகப் பழைய சாப்ட்வேர் ஏறிய போன்கள் அடுத்த செக்‌ஷனுக்குப் போய்விட்டன. மறுநாள் ஷிப்ட் தொடங்குகிற மீட்டிங்கில் என்னைப் போர்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து மெமோ படித்தார்கள். லீடர் லாகினில் லீடரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்று எல்லோரையும் மூன்று முறை சொல்லச் சொன்னார்கள். நானும் சேர்ந்து சொன்னேன். அந்த வாக்கியம் என் எலும்புக்குள் போய்விட்டது.

அதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். நம் கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் இரண்டு பெயர் வரும், ஞாபகம் இருக்கிறதா? ஒன்று லீடர். இன்னொன்று ஆபரேட்டர். உன் பெயரைக்கூட நான் போடவில்லை. பெற்ற பெண்ணை ஆபரேட்டர் என்று எழுதி வைத்த அம்மா இந்த வடக்குப்பட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைதான் உன் அக்கவுண்ட் திறக்கும். எந்தெந்த புரோகிராம் ஓடலாம் என்று ஒரு பட்டியல் வைத்து, நான்கைந்தில் மட்டும் டிக் அடித்தேன். மற்ற எதைத் தொட்டாலும் என் பாஸ்வேர்டு கேட்கும். முடித்துவிட்டு உன் அப்பாவிடம், "லைன் மாதிரியே செட் பண்ணிட்டேன்" என்று பெருமையடித்துக்கொண்டேன். அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். "வூடு லைனாடி?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கம்பெனியிலிருந்து இன்னொன்றும் கொண்டுவந்தேன், அது நல்ல பழக்கம். ஏதாவது தப்பு நடந்தால் 'ஏன் ஏன்' என்று ஒரு தாள் நிரப்புவோம். ஏன் நடந்தது என்று எழுதி, அந்தப் பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேட்டு, ஐந்து முறை இறங்கிப் போக வேண்டும். ஐந்தாவதில் வேர் இருக்கும். கீழே நான்கு கட்டம்: நடவடிக்கை, பொறுப்பு, முடிக்கும் நாள், சரிபார்த்தவர். நடவடிக்கை என்ற இடத்தில் 'இனி கவனமாக இருப்போம்' என்று எழுதினால் குவாலிட்டி ஆள் அங்கேயே தாளைக் கிழிப்பார். கையால் செய்கிற காரியமாக இருக்க வேண்டும். அந்தத் தாளை வீட்டில் உனக்கு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தேன். சயின்சில் உனக்கு மார்க் குறைந்தபோது நாம் இருவரும் உட்கார்ந்து நிரப்பினோம். டியூஷன் சார் போர்டைப் பார்த்தே பேசுகிறார், பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று ஐந்தாவதில் வந்தது. முன்வரிசைக்கு மாறினாய், மார்க் வந்தது. பெரிய பெரிய இன்ஜினியர்களைவிட நீ அதை ஒழுங்காக நிரப்புவாய்.

இரண்டு வருஷம் ஓடியது. பிரவுசரின் மூலையில் அப்டேட் செய்யச் சொல்லி ஒரு சின்ன அம்புக்குறி வர ஆரம்பித்தது. நீ தட்டுவாய், என் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். "அம்மா, அப்டேட் கேக்குதும்மா, வந்து போட்டுட்டுப் போம்மா" என்பாய். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்பேன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருக்கும், இல்லாவிட்டால் துணி ஊறும். கொஞ்சம் கொஞ்சமாகப் படங்கள் வராமல் போயின, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன, சில பக்கங்கள் உன் பிரவுசர் பழசு என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பின. நீ ஒவ்வொன்றையும் என்னிடம் சொன்னாய். நாள் முழுக்க ஊரார் போன்களுக்குப் புது சாப்ட்வேர் ஏற்றிக்கொண்டிருந்தவள், வீட்டில் பெற்ற பெண்ணின் பிரவுசருக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

அப்புறம் அந்த நாள். பிளஸ் டூ முடிந்து, திருச்சிப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற அந்தப் படிப்புக்கு நீ படிவம் நிரப்பி வைத்திருந்தாய். மெஷின்களுக்கான டூல் வடிவமைக்கிற படிப்பு. ஆன்லைனில் மட்டும்தான் அனுப்ப முடியும், சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிகிறது. மார்க் ஷீட் கைக்கு வரத் தாமதமானதால் கடைசி நாள் வரை வந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் நிரப்பிக் கீழே போனால், அனுப்புகிற பட்டன் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. நீ சொன்னாய். எட்டு மணி ஆகி உன் அக்கவுண்ட் தானாக மூடிக்கொண்டது. நாளைக்குக் காலையில் பார்க்கலாம் என்று சொன்னவள், காலையில் முதல் ஷிப்டுக்கு பஸ் பிடிக்கிற அவசரத்தில் மறந்தே போனேன்.

நீ கூட்ரோடு போய், பஸ் மாறி, வெயிலில் நடந்து என் கம்பெனி கேட்டுக்கு வந்தாய். எங்கள் போன்களை எல்லாம் கேட்டிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள், அதனால் உனக்கு வேறு வழியில்லை. கூட்ரோடிலேயே பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே காலடி வைக்கக் கூடாது என்று என் தலையில் கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கியவளும் நான்தான். அன்றைக்கு நீ அந்தச் சத்தியத்தை மீறியிருக்கலாம். யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அந்தக் கடையைத் தாண்டி நடந்து என்னிடம் வந்தாய். இத்தனை வருஷத்தில் என்னை மிகவும் சுடுவது அதுதான்.

கேட்டில் நடந்த பேச்சை செக்யூரிட்டி அண்ணன் அப்புறம் என்னிடம் சொல்லிச் சிரித்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். "டூட்டி நேரத்துல யாரையும் வெளிய விட மாட்டாவம்மா. சாவு, ஆஸ்பத்திரி, ரெண்டுக்குத்தான் கூப்பிடச் சொல்லியிருக்காவ. பாஸ்வேர்டு இதுல எதுல சேரும்?" என்று கேட்டிருக்கிறார். "ஆஸ்பத்திரின்னே போட்டுக்குங்கண்ணே" என்றிருக்கிறாய். கேட்டுக்கு வா, ஆஸ்பத்திரி விஷயம் என்று மைக்கில் என் பெயரைச் சொன்னதும், கோட்டும் தொப்பியுமாக, நெஞ்சு அடித்துக்கொள்ள ஓடிவந்தேன். நீ நல்லபடியாக நிற்கிறாய். பயம் போன வேகத்தில் கோபம் வந்தது.

"இதுக்காடி வந்த?"

"அனுப்புற பட்டனே வரலம்மா. அப்டேட் பண்ணாதான் வரும். பாஸ்வேர்டு சொல்லு, போயி நானே போட்டுக்கிறேன்."

"அதெல்லாம் வாயால சொல்ற சமாச்சாரமா? ஷிப்ட் வுட்டு வந்து நானே போடறேன்."

"அஞ்சு மணிக்கு க்ளோஸும்மா."

"நாலுக்குள்ள வந்துடுவேன். வூட்டுக்குப் போ."

செக்யூரிட்டி அண்ணன்கூட, "பிள்ளைட்டதான சொல்லப் போறிய, சொல்லிட்டுப் போங்களேன்" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன்.

பஸ் தாமதம். நான் வீட்டுக்குள் நுழையும்போது நாலு பத்து. செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். லீடரில் நுழைந்து பிரவுசரை அப்டேட் செய்தேன். என் லாகினில் அந்தப் பக்கம் அழகாகத் திறந்தது, அனுப்புகிற பட்டனும் நீலமாக வந்து நின்றது. அதை இருவரும் பார்த்தோம். அப்புறம் வெளியே வந்து உன் அக்கவுண்டுக்குப் போனேன். நேரம் ஆறு மணி ஆகவில்லை என்று உள்ளேயே விடவில்லை. மறுபடி லீடர், நேரத்தை மாற்றினேன், மறுபடி ஆபரேட்டர். இப்போது உள்ளே விட்டது, பிரவுசரைத் தட்டினால் இந்த புரோகிராமுக்கு அனுமதி இல்லை என்றது. நான் டிக் அடித்திருந்தது பழைய பிரவுசருக்கு. புதுசு வந்ததும் பட்டியலில் இல்லாத அந்நியனாகிவிட்டது. மறுபடி லீடர், பட்டியலைத் தேடி டிக் அடித்தேன், மறுபடி ஆபரேட்டர். பிரவுசர் திறந்தது. போட்டோவை ஏற்றப் போனால் அதற்குக் கூடவே வருகிற இன்னொரு புரோகிராமுக்கு அனுமதி இல்லை. நம் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை ஆள் மாறுவதற்கும் மூச்சு வாங்கும். கடிகாரம் நாலு நாற்பதைத் தாண்டியது.

"அம்மா, பூட்டையே மொத்தமா எடுத்துடும்மா" என்றாய். முடியாது என்றேன். "சரி, உன் லாகின்ல தொறக்குதுல்ல? எழுந்திரு. அதுல உக்காந்து நானே நிரப்பி அனுப்பிடறேன். பத்து நிமிஷம்மா" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். "லீடர் லாகின்ல ஆபரேட்டர் உக்காரக் கூடாதுடி" என்றேன். என் வீட்டில், என் பெண்ணைப் பார்த்து, அந்த மெமோ மொழியில் அப்படிச் சொன்னேன். நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். நான் நாற்காலியை விடவில்லை. இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு என்று இன்னும் ஒரு டிக், இன்னும் ஒரு டிக். கடைசியில் உன் அக்கவுண்டில் எல்லாம் சரியாகி அந்த நீல பட்டன் வந்தது. தட்டினாய். நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி வந்தது. ஐந்து அடித்து மூன்று நிமிஷம்.

நீ அழவில்லை. நான் ரஃப் நோட்டுக்காகக் கம்பெனியிலிருந்து கொண்டுவரும் ஒருபக்கம் மட்டும் அச்சடித்த தாள்களில் ஒன்றை எடுத்தாய். ஏன் ஏன் தாள்தான். படிவம் ஏன் போகவில்லை என்று முதல் வரியில் எழுதி, பட்டன் வரவில்லை என்று பதில் எழுதினாய். அது ஏன் என்றால், பிரவுசர் பழசு. அது ஏன் பழசு, அப்டேட் செய்ய அனுமதி இல்லை. ஏன் இல்லை, பாஸ்வேர்டு அம்மாவிடம் மட்டும் இருக்கிறது. ஐந்தாவது ஏனுக்குப் பேனாவைக் கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தாய். அப்புறம், 'அம்மாவுக்குப் பயம்' என்று எழுதி என் முன்னால் வைத்தாய். நடவடிக்கை, பொறுப்பு, நாள், சரிபார்த்தவர் நான்கையும் காலியாக விட்டாய். அம்மாவிடம் பேசுகிற பேச்சா இது என்று நான் கத்தினேன். அடுப்பங்கரைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். நீ தூங்கியபிறகு அந்தத் தாளை மடித்து பீரோவில் என் சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

இப்போது நான் விழுங்கி வைத்திருந்த பாதியைச் சொல்கிறேன். வேண்டுமென்றே தாமதம் செய்தேனா என்று நீ ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. மனசுக்குள் கேட்டிருப்பாய். வேண்டுமென்று செய்யவில்லை, யமுனா. ஆனால் ஐந்து மணி தாண்டியதும் என் நெஞ்சின் ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது. பெண் திருச்சிக்குப் போக மாட்டாள், ஹாஸ்டல் கிடையாது, யாரும் ஒன்றும் பேச மாட்டார்கள் என்று. உன் முகம் செத்துக்கிடந்த அதே நிமிஷத்தில் எனக்கு அந்த நிம்மதி வந்தது. வந்தது என்று ஒப்புக்கொள்ள நான்கு வருஷம் ஆகியிருக்கிறது. பயந்தது உனக்காக என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். பொய். வாசலில் நின்று சத்தம் போடுகிறவருக்காகப் பயந்தேன். உனக்கு என்ன ஆகும் என்று பயந்திருந்தால் பாஸ்வேர்டை கேட்டிலேயே கத்திச் சொல்லியிருப்பேன்.

நீ பக்கத்திலேயே ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் சேர்ந்து முடித்தாய். இன்று ஒரு பெரிய ஆபீசில் யார் யாருக்கு என்ன அனுமதி என்று பார்க்கிற வேலை உனக்கு. போன மாதம் சாப்பிடும்போது சொன்னாய்: "எங்க மேனேஜரே கேட்டாலும் பாஸ்வேர்டு சொல்லக் கூடாதும்மா. கேக்கறதே தப்பு. என்ன வேலைன்னு கேட்டு, அந்த வேலைக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ அனுமதி குடுத்துட்டுப் போயிடுவேன்." இரண்டே வரி. நான் மெமோ வாங்கியும் கற்றுக்கொள்ளாத பாடம் அது. பூட்டுவதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் உனக்குத் தெரிகிறது. பூட்டினவளுக்குத் தெரியவில்லை.

அதனால் நேற்று முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் உன் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "மாமா, என் பொண்ணைப் பூட்டி வளத்தேன்னு இனிமே எங்கயும் சொல்லாதீங்க. அது அவ குணத்துக்குப் போட்ட பூட்டு இல்ல. உங்க வாய்க்குப் பயந்து நான் போட்டது. அவளுக்கு ஒரு படிப்பே அதால போச்சு" என்றேன்.

"இன்னாம்மா இது, நல்ல நேரத்துல? மாப்ள வூட்டுக்காரங்க காதுல வுழுந்தா கல்யாணமே நின்னுடும்."

"நின்னா நிக்கட்டும் மாமா. அன்னிக்கு அவ படிவம் நின்னு போனப்ப யாரும் வந்து இன்னான்னு கேக்கல. இதுக்கு மட்டும் இன்னாத்துக்குப் பதர்றீங்க?"

"பொம்பள இம்மாம் பேசக் கூடாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நான் இன்னும் பேசுவதாகத்தான் இருந்தேன்.

அந்தப் பையனை வேண்டாம் என்று சொல் என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் ஒரு பூட்டுதான். பிடித்திருந்தால் கட்டிக்கொள், பிடிக்கவில்லையென்றால் விடு, இன்னும் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் பேசு. அதற்கு என் டிக் தேவையில்லை. ஆனால் உன் பாஸ்வேர்டைக் கேட்கிற யாருக்கும் என் பெயரைச் சாட்சிக்கு இழுக்க விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வி மறுபடி வந்தால் நீ என்னைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நானே சொல்கிறேன்: அது அவளுடையது, எனக்கே தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன், உங்களுக்கும் தேவையில்லை. பூவைத் தட்டோடு எடுத்துக்கொண்டு கிளம்பினால் கிளம்பட்டும். வாசல் வரை வந்து வழியனுப்புகிற மரியாதை எனக்குத் தெரியும்.

உன் அப்பா இதுவரை எழுதியதைப் படித்தார். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்து ஒரு டேப் சுருளை மேஜையில் வைத்தார். "சோத்தை வெச்சி ஒட்டினா ரெண்டு நாள்ல வுழுந்துடும்" என்றார்.

இன்று காலை பீரோவிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். மடித்த இடத்தில் மஞ்சளாகிவிட்டது, உன் கையெழுத்து அப்படியே இருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டேன். ஆபரேட்டர் என்ற பெயரை எடுத்துவிட்டு யமுனா என்று போட்டேன். நேரத்தை எடுத்தேன், பட்டியலை எடுத்தேன், நான் வைத்திருந்த அனுமதி மொத்தத்தையும் உன் பெயருக்கு மாற்றினேன். லீடரைச் சாதாரண ஆளாக்கினேன். இனி பிரவுசர் அப்டேட் கேட்டால் நான்தான் உன்னைக் கேட்க வேண்டும். நீ இந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டு ஆறு மாதம் ஆகிறது, இது உனக்கு இனி ஒன்றுக்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். செய்யாமல் வெறும் வார்த்தை எழுதினால் குவாலிட்டி ஆள் கிழிப்பார்.

பிறகு அந்தத் தாளின் காலிக் கட்டங்களை நிரப்பினேன். நடவடிக்கை: பூட்டை எடுத்தாயிற்று, யாருக்குப் பயந்து போட்டேனோ அவரிடமே சொல்லியாயிற்று. பொறுப்பு: அம்மா. முடிக்கும் நாள் என்ற இடத்தில் இன்றைய தேதியைப் போட்டேன். நான்கு வருஷம் தாமதம், அதையும் பக்கத்தில் எழுதினேன். சரிபார்த்தவர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் செய்தவளே கையெழுத்துப் போடக் கூடாது. தாளை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். நன்றாகப் பார். போதாது என்று பட்டால் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருப்பி அனுப்பு, மறுபடி செய்கிறேன்.

உன் அம்மா